சான் ஆண்ட்ரியாஸை விண்டோஸ் 11-இல் நிறுவி மோட் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கணினிக்கு வந்தது 2005 ஜூனில். எக்ஸ்பி காலத்துக் கேம். விண்டோஸ் 11-இல் ஓடுமா என்று கேட்டால், ஓடும். எப்படி ஓடுகிறது என்பதுதான் தொல்லை. சில கணினிகளில் மௌஸ் அசையவே அசையாது. அகலத் திரையில் எழுத்தும் வரைபடமும் இழுபட்டுத் தெரியும். ஃபிரேம் லிமிட்டரை (நொடிக்கு இத்தனை படம்தான் என்ற கட்டுப்பாட்டை) அணைத்தால் நாயகன் சிஜே நீந்துவது மந்தமாகிவிடும். இந்த லட்சணத்தில் இருக்கும் கேமில், யூடியூபில் பார்த்த ஏழெட்டு மோட்களை (கேமை மாற்ற ரசிகர்கள் எழுதிய கோப்புகளை) ஒரே மூச்சில் கொட்டினால் லோடிங் திரையைத் தாண்டாமலே டெஸ்க்டாப்பில் வந்து விழும்.

எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு, அத்தனையும் இலவசம். ஆனால் வரிசை தப்பக்கூடாது. முதலில் சரியான பதிப்பு, பிறகு பிழைதிருத்தங்கள், கடைசியில்தான் கார், உடை, கிராஃபிக்ஸ் எல்லாம். பலரும் கடைசியில் தொடங்கி முதலுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் கேமைத் திறந்து, புது ஆட்டம் தொடங்கி, முதல் மிஷனின் சைக்கிளில் ஒரு தெரு சுற்றிவிட்டு வாருங்கள். இரண்டு நிமிட வேலை. எங்கே உடைந்தது என்று பின்னால் ராத்திரி முழுக்கத் தேடும் வேலை மிச்சமாகும்.

உங்களிடம் இருப்பது எந்தப் பிரதி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கோப்பைக்கூடத் தொடாதீர்கள்.

பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் எப்போதோ வாங்கி லைப்ரரியில் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். 2019 செப்டம்பரில், கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் தன் கேம்களை நிறுவி இயக்கும் லாஞ்சரை வெளியிட்டபோது கொஞ்ச காலம் சான் ஆண்ட்ரியாஸை இலவசமாகக் கொடுத்தது. அப்போது லாஞ்சரைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் பலர். உங்கள் ராக்ஸ்டார் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள், சும்மா கிடக்கலாம்.

2021 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் வேறு சங்கதி. அது அன்ரியல் என்ஜினில் புதிதாகக் கட்டப்பட்டது. இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் அதற்குப் பொருந்தாது. பழைய கேமுக்கு எழுதிய மோட் அதில் வேலை செய்யவும் செய்யாது.

இன்னொரு வகை, கடையில் சிடியில் எழுதிக் கொடுத்த 'ரிப்'. அளவைக் குறைப்பதற்காக ரேடியோவையும் வசனத்தையும் வெட்டி எறிந்த பிரதிகள் அவை. முழுக் கேம் சுமார் 4.7 ஜிபி இருக்கும். உங்களிடம் இருப்பது அதைவிட ரொம்பக் குறைவு என்றால், அதன்மேல் மோட் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மோட் தேடும் கோப்பே அதில் இருக்காது. 'எல்லா மோடும் போட்ட ரெடிமேட் பேக்' என்று சுற்றுகிறதே, அதையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது, வைரஸ் வந்தாலும் ஆச்சரியமில்லை.

விண்டோஸைத் தயார் செய்தல்

கேமை புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் எளிதில் அனுமதி தராது. பழைய புரோகிராம் எழுதப் போனால் அதை ஏமாற்றி வேறொரு மறைவிடத்தில் எழுதவைக்கும். நீங்கள் ஒரு கோப்பைத் திருத்துவீர்கள், கேம் வேறொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். டி டிரைவில் 'கேம்ஸ்' மாதிரி ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். ஸ்டீம் அல்லது லாஞ்சர் பிரதி என்றால், முழு ஃபோல்டரையும் அங்கே நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலம் அங்கேயே கிடக்கட்டும். இல்லாவிட்டால் லாஞ்சர் என்றைக்காவது 'கோப்புகள் மாறியிருக்கின்றன' என்று சொல்லி, நீங்கள் செய்ததையெல்லாம் அழித்துப் பழையபடி ஆக்கிவிடும்.

ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழில் வைப்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கேம் எல்லா மொழி எழுத்தையும் அடக்கிய யூனிகோடு முறையில் பாதைகளைக் கேட்பதில்லை. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எழுத்து அட்டவணை இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையவே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே தமிழ் யூனிகோடில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் தமிழ்ப் பெயர் கேமின் கண்ணுக்கு வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். கணினியின் பயனர் பெயரையே தமிழில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் சேவ் கோப்புகள் இருக்க வேண்டிய பாதையிலேயே சிக்கல் வரும். கேமுக்கென்று ஆங்கிலப் பெயரில் தனியாக ஒரு பயனர் கணக்கு தொடங்கிவிடுவது நல்லது.

அப்புறம், எக்ஸ்புளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய்க் கோப்புகளின் நீட்சிப் பெயர் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். இனிமேல் டிஎல்எல் கோப்புகளுக்கு (புரோகிராம்கள் தேவைப்படும்போது கூப்பிடும் துணை நிரல்களுக்கு) பெயர் மாற்ற வேண்டிவரும். நீட்சி மறைந்திருந்தால், ஒரு கோப்புக்குப் பின்னால் இரண்டு முறை டிஎல்எல் என்று விழுந்து, காரணம் தெரியாமல் முழிக்க நேரும்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இரண்டு இறக்க வேண்டும். ஒன்று, விஷுவல் சி++ ரன்டைம், அதாவது புரோகிராம் ஓடத் தேவையான துணைக் கோப்புகள். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாகவே இருந்தாலும் எக்ஸ்86 பதிப்பைப் போடுங்கள், ஏனென்றால் கேம் 32 பிட். பாதி 'மோட் வேலை செய்யவில்லை' புலம்பல்களுக்குக் காரணம் இது இல்லாததுதான். இரண்டு, டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் ரன்டைம். விண்டோஸ் 11-இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று விடாதீர்கள். பழைய மோட்கள் தேடும் சில கோப்புகள் அதில் வருவதில்லை.

லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், கேமை ஓட்டும் எக்ஸ்இ கோப்பைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள். திரையின் ஸ்கேலிங் 125, 150 சதவீதம் என்று வைத்திருப்பவர்கள் எக்ஸ்இ-யின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி தாவலுக்குப் போய், ஹை டிபிஐ அமைப்பை 'அப்ளிகேஷன்' என்று மாற்றினால் படம் பாதி வெட்டுப்படாது. அதே தாவலில் 'விண்டோஸ் எக்ஸ்பி முறையில் ஓட்டு' என்ற வசதியும் இருக்கும். கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், இந்தக் கேமுக்கு அது தேவையில்லை.

1.0-க்குத் திரும்புதல்

மோட் உலகில் எல்லோரும் 1.0, 1.0 என்று சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. கேம் கணினிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, பாட்ரிக் வில்டன்போர்க் என்ற டச்சு மோடர், கேமுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு படுக்கையறைக் காட்சியைத் திறந்துவிட்டார். 'ஹாட் காஃபி' என்று பெயர் பெற்ற விவகாரம் அது. 2005 ஜூலையில் அமெரிக்காவின் மதிப்பீட்டு வாரியம் கேமை 'வயது வந்தோருக்கு மட்டும்' பிரிவுக்கு மாற்றியது. ராக்ஸ்டார் அவசரமாக ஒரு பேட்ச் விட்டது. அடுத்து வந்த டிஸ்குகளில் மோட்களுக்கு இடம் கொடுக்காத புதிய எக்ஸ்இ-யைப் போட்டது. ஸ்டீமில் வந்ததும் அந்த வழியில் வந்ததுதான். 2014-இல் வந்த ஒரு ஸ்டீம் அப்டேட், உரிமம் முடிந்த பாடல்களை ரேடியோவிலிருந்து தூக்கியது, பழைய சேவ்களையும் பயனற்றதாக்கியது.

ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். சான் ஆண்ட்ரியாஸ் மோட்களில் பெரும்பாலானவை கேமின் நினைவகத்தில் 'இந்த எண்ணுள்ள இடத்தில் இதை எழுது' என்று நேரடியாகக் கைவைப்பவை. அந்த எண்கள் 1.0 எக்ஸ்இ-யைப் பிரித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டவை. வேறு பதிப்பில் அதே எண்ணுள்ள இடத்தில் வேறு ஏதோ இருக்கும். அங்கே எழுதினால் கிராஷ்.

டவுன்கிரேடர் என்று தேடினால் ஸ்டீம், லாஞ்சர் இரண்டுக்கும் கருவிகள் கிடைக்கும். உங்கள் கோப்புகளையே எடுத்து, வித்தியாசத்தை மட்டும் ஒட்டி 1.0 ஆக்கும் கருவியாகப் பாருங்கள். யாரோ ஏற்றிவைத்த எக்ஸ்இ-யை நம்பி இறக்குவதைவிட அது எவ்வளவோ மேல். நகலெடுத்த ஃபோல்டரைக் காட்டி ஓடவிட வேண்டியதுதான்.

முடிந்ததும் சரிபாருங்கள். ஸ்டீம் பதிப்பின் எக்ஸ்இ பெயரில் 'ஜிடிஏ'வுக்கும் 'எஸ்ஏ'வுக்கும் நடுவே சிறு கோடு இருக்கும், 1.0-இல் அந்த இடத்தில் அடிக்கோடு. பெயர் மட்டும் பார்த்தால் போதாது. வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'சைஸ்' வரியைப் பாருங்கள். மோடர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் 1.0 அமெரிக்கப் பதிப்பின் எக்ஸ்இ சரியாக 14,383,616 பைட். அதையே சுருக்கிய வடிவம் ஒன்று 5,189,632 பைட்டில் உண்டு, அதுவும் செல்லும். பக்கத்திலேயே இருக்கும் 'சைஸ் ஆன் டிஸ்க்' வரியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எக்ஸ்இ மாறியதாலேயே போன பாடல்கள் திரும்பி வந்துவிடாது. அவை 'ஆடியோ' ஃபோல்டரில் இருப்பவை. பழைய டிவிடி இருந்தால் அதிலிருந்து நிறுவிய 'ஆடியோ' ஃபோல்டரை முழுதாக எடுத்துப் போடுங்கள். பாடல் கோப்புகளை மட்டும் எடுத்தால் உள்ளே இருக்கும் அட்டவணையோடு ஒத்துப்போகாமல் தப்புத் தப்பாக ஒலிக்கும்.

பழைய சேவ்களை மறந்துவிட்டு ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். கேம் திறக்கவே மறுத்தால், டாக்குமென்ட்ஸில் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் 'செட்' என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதுதான் கேமின் அமைப்புக் கோப்பு. அதை அழித்துவிட்டு மறுபடி திறங்கள். வேறு பதிப்பு எழுதிவைத்த அமைப்பை 1.0 படித்துக் குழம்புவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஏஎஸ்ஐ லோடர்

ஏஎஸ்ஐ என்று முடியும் கோப்புகள் உண்மையில் டிஎல்எல்-களே. அவற்றைத் தானாக எடுத்துக்கொள்ளும் புத்தி கேமுக்குக் கிடையாது. லோடர் செய்வது ஒரு ஆள்மாறாட்டம், பரீட்சை ஹாலில் ஒருவன் பெயரில் இன்னொருவன் உட்காருவது மாதிரி. கேம் பாட்டு ஒலிக்க 'வோர்பிஸ்ஃபைல்' என்ற டிஎல்எல்-ஐக் கூப்பிடும். விண்டோஸ் அதைக் கேமின் ஃபோல்டரில்தான் முதலில் தேடும். அந்தப் பெயரில் அங்கே உட்கார்ந்திருப்பது லோடர். அது உள்ளே வந்து ஏஎஸ்ஐ கோப்புகளை ஏற்றிவிட்டு, 'வோர்பிஸ்ஹூக்டு' என்று பெயர் மாற்றி வைக்கப்பட்டிருக்கும் அசல் கோப்பிடம் பாட்டு வேலையை ஒப்படைத்துவிடும்.

தர்ட்டீன்ஏஜி என்ற பெயரில் எழுதுபவரின் அல்டிமேட் ஏஎஸ்ஐ லோடர் கிட்ஹப்பில் கிடைக்கிறது. 64 பிட், 32 பிட் இரண்டும் இருக்கும். 32 பிட்டை எடுங்கள். கேமின் அசல் 'வோர்பிஸ்ஃபைல்' கோப்புக்கு 'வோர்பிஸ்ஹூக்டு' என்று பெயர் மாற்றிவிட்டு, லோடரை 'வோர்பிஸ்ஃபைல்' என்ற பெயரில் அங்கே வையுங்கள். லோடர் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பின்னால் வரப்போகும் கிளியோ போன்ற சில தொகுப்புகள் தங்களோடு ஒரு லோடரைக் கொண்டுவரும். கேட்டதற்கெல்லாம் 'மாற்றி எழுது' என்று சொல்லிவிட்டால், அசல் கோப்பு இருந்த இடத்தில் இன்னொரு லோடர் உட்கார்ந்து கேம் திறக்காமல் போகலாம்.

விண்டோஸ் டிஃபெண்டர் இங்கே குரல் கொடுக்கலாம். இன்னொரு புரோகிராமுக்குள் நுழையும் கோப்பு என்றாலே அதற்குச் சந்தேகம். எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கியது என்றால், அந்தக் கேம் ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். டிஃபெண்டரையே அணைத்துவிடச் சொல்லும் வீடியோவை உடனே மூடிவிடுங்கள்.

சைலண்ட்பேட்ச், காணாமல் போன விமானம்

வேறு எந்த மோடும் வேண்டாம், கேமை அப்படியே விளையாடினால் போதும் என்பவர்களும் போட வேண்டியது சைலண்ட்பேட்ச். சைலண்ட் என்ற மோடர் வருஷக்கணக்காகச் செதுக்கிவரும் பிழைதிருத்தத் தொகுப்பு. ஜிப்பைப் பிரித்து, ஏஎஸ்ஐ கோப்பையும் அதன் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பையும் எக்ஸ்இ இருக்கும் இடத்தில் போட்டால் முடிந்தது. மௌஸ் சிக்கல் தொடங்கி, சிறுசும் பெரிசுமாக ஏகப்பட்ட பிழைகளை அது சரிசெய்கிறது.

அதில் ஒரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, தண்ணீரில் இறங்கும் ஸ்கிம்மர் விமானம் கேமில் எங்குமே இல்லை என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். வலுக்கட்டாயமாக வரவழைத்து சிஜேயை அதில் உட்காரவைத்தால், அண்டவெளிக்கே தூக்கி எறியப்பட்டார். விண்டோஸ் எதையோ கெடுத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சைலண்ட் 2025-இல் இதைத் தோண்டி எழுதினார்.

கேமில் வண்டிகளை வரிசையாக விவரிக்கும் ஓர் உரைக் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சக்கரத்தின் அளவு முதலான சில எண்கள் வரும். ஸ்கிம்மரின் வரியில் மட்டும் அவை இல்லை. முந்தைய ஜிடிஏ கேமான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு என்ற கணக்கில் இருந்தது, படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியவர்கள் அந்த எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். வரியைப் படிக்கும் நிரலும் 'எண் வந்ததா' என்று சோதிப்பதில்லை. எண் வராவிட்டால், நினைவகத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்ததை எடுத்துக்கொள்ளும். அங்கே கிடந்தது, அதற்கு முந்தைய வரியில் இருந்த ஒரு வேனின் சக்கர அளவு: 0.7. அந்த வேனின் தயவில் ஸ்கிம்மர் இருபது வருஷம் பறந்தது! 24எச்2-இல் விண்டோஸின் உள்வேலைகள் அந்த நினைவக இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்த ஆரம்பித்ததும், 0.7 அழிந்து கண்டபடி எண் வந்து உட்கார்ந்தது. விண்டோஸ் மேல் தப்பே இல்லை.

சைலண்ட்பேட்சின் புதிய பதிப்பு இதைச் சரிசெய்கிறது. எப்போதோ இறக்கிவைத்த பழைய ஜிப்பையே போட்டுக்கொண்டிருந்தால், ஒருமுறை புதிதாக இறக்குங்கள்.

அகலத் திரையும் ஃபிரேமும்

கேமிலேயே வைட்ஸ்கிரீன் வசதி இருக்கிறது, ஆனால் பெயருக்குத்தான். பக்கவாட்டில் கூடுதலாக எதையும் காட்டாமல் மேலும் கீழும் வெட்டிவிடும். தர்ட்டீன்ஏஜியின் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸைப் போடுங்கள். அது 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஃபோல்டரோடு வரும், அப்படியே கேம் ஃபோல்டரில் பிரித்துவிடலாம்.

ஃபிரேம் லிமிட்டர் ஆன் ஆகவே இருக்கட்டும். ஆனில் இருந்தால் 30 ஃபிரேம்கூட முழுசாக வராது, 25 அளவில்தான் நிற்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவருக்கு வயிறு எரியும், தெரியும். ஆனால் இந்தக் கேமின் இயற்பியல் பாதி ஃபிரேமோடு கட்டிப்போடப்பட்டது. லிமிட்டரை அணைத்தால் நீச்சல் கெடும், கார் ரிவர்ஸ் எடுப்பதுகூட ஒழுங்காக இருக்காது. 60 ஃபிரேம் வேண்டும் என்றால் ஃபிரேம்ரேட் விஜிலன்ட் என்ற மோட் அந்தக் கணக்குகளைத் திருத்தித் தரும். அதைப் போட்டு 60-இல் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

மோட் லோடர்

இதுவரை செய்தது மராமத்து. இனி மோட்.

முன்பெல்லாம் ஒரு காரை மாற்ற, எல்லா மாடல்களும் அடைத்துவைக்கப்பட்டிருக்கும் ஜிடிஏ3 என்ற பெரிய ஐஎம்ஜி கோப்பை ஒரு கருவியால் திறந்து, உள்ளே திணித்து, மறுபடி கட்ட வேண்டும். கெட்டுப்போனால் கேமையே திரும்ப நிறுவ வேண்டியதுதான். லிங்க்/2012 என்ற பிரேசில் மோடர் எழுதிய மோட் லோடர் வந்தபின் அந்தத் தலைவலி போய்விட்டது. அசல் கோப்பைத் தொடாமல், கேம் ஒரு கோப்பைக் கேட்கும்போது இடையில் புகுந்து உங்கள் கோப்பைக் கொடுத்துவிடும். பிடிக்கவில்லையா, ஃபோல்டரை அழித்தால் பழைய கார் திரும்பிவிடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். இன்ஃபெர்னஸ் காருக்குப் பதிலாக வேறொரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியிருக்கிறீர்கள். ஜிப்பைத் திறந்தால் அதே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். டிஎஃப்எஃப் என்று முடிவது காரின் உருவம், டிஎக்ஸ்டி என்று முடிவது அதன்மேல் ஒட்டும் படம். கூடவே ஒரு ரீட்மீ. அதற்குள் 'ஹேண்ட்லிங்' என்று தலைப்பிட்டு எண்களும் எழுத்துகளும் நிறைந்த ஒரு நீள வரி இருக்கலாம். அந்தக் காரின் எடை, வேகம், பிரேக் எல்லாம் அதில்தான். 'மோட்லோடர்' ஃபோல்டருக்குள் ஆங்கில எழுத்தில் 'மைகார்' என்பதுபோல் ஒரு ஃபோல்டர் போட்டு, மூன்றையும் அப்படியே வையுங்கள். ரீட்மீயில் இருக்கும் அந்த வரியையும் மோட் லோடரே கண்டுபிடித்து எடுத்துக்கொள்ளும். எந்த உரைக் கோப்பையும் நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

ஒரு மோடுக்கு ஒரு ஃபோல்டர் என்பதை விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். இரண்டு மோட்கள் ஒரே காரை மாற்றினால் எது ஜெயிக்கும் என்று மோட் லோடரின் ஐஎன்ஐ கோப்பில் முன்னுரிமை எண் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் 50 என்று இருக்கும், கூடுதல் எண் உள்ளது ஜெயிக்கும். கேமின் மெனுவிலேயே மோட்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பக்கம் ஒன்றும் வந்து சேரும்.

கிளியோ

கார், உடை மாதிரி இல்லாமல் புதிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்றால் கிளியோ வேண்டும். கூடுதல் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் நூலகம் அது. நிறுவியதும் 'கிளியோ' என்ற ஃபோல்டர் உருவாகும், சிஎஸ் என்று முடியும் ஸ்கிரிப்டுகளை அதில் போட வேண்டும். சேவ் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த சேவை, அந்த ஸ்கிரிப்டை நீக்கிவிட்டுத் திறந்தால் சில நேரம் மிஷன் பாதியில் நிற்கும். முழுக் கதையையும் ஆடி முடிக்கப்போகிறீர்கள் என்றால் கிளியோ ஸ்கிரிப்டுகளை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் போடலாம், எதை விடலாம்

என் பரிந்துரை முதலில் ஸ்கைஜிஎஃப்எக்ஸ். பிளேஸ்டேஷன் 2-இல், கேமின் நகரமான லாஸ் சாண்டோஸின் மாலை நேரம் ஆரஞ்சு மூடிக் கிடக்கும். கணினிக்குக் கொண்டுவந்தபோது அந்த நிற வடிகட்டி போய்விட்டது, கார்களின் பளபளப்பும் குறைந்தது. ஸ்கைஜிஎஃப்எக்ஸ் அவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறது. கேமை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்த நகரம் இதுதான்.

'4கே டெக்ஸ்சர் பேக்'குகள் வேறு ரகம். படத்தில் பார்க்க அள்ளும். ஓட்டிப் பார்த்தால், வேகமாகப் போகும்போது முன்னால் ரோடு காணாமல் போகும், கட்டடங்கள் மறைந்து மறைந்து வரும். கேம் மாடல்களுக்காக ஒதுக்கிவைத்திருக்கும் நினைவகம் 50 எம்பிதான். அதற்குள் இந்தப் பெரிய படங்கள் அடங்காது. ஓப்பன் லிமிட் அட்ஜஸ்டர் என்ற மோடைப் போட்டு அந்த அளவை 256 அல்லது 512 எம்பி ஆக்கினால் பெரும்பாலும் தீரும். உங்களிடம் 32 ஜிபி ரேம் இருந்தாலும் அதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை, 32 பிட் கேம் அதையெல்லாம் எட்டிப் பிடிக்க முடியாது. இதையெல்லாம் மீறியும் அந்தப் பேக்குகளை நான் போடுவதில்லை. கூர்மையான செங்கல் சுவருக்கு முன்னால் அந்தக் காலத்துச் சப்பை முகத்தோடு ஆட்கள் நடப்பது எனக்கு உறுத்துகிறது.

ரேடியோவில் நம் பாட்டு

இதற்கு மோடே வேண்டாம், ஆனால் பலருக்குத் தெரியாது. டாக்குமென்ட்ஸில் இருக்கும் அந்த 'யூசர் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் 'யூசர் டிராக்ஸ்' என்று ஒன்று இருக்கும். உங்களிடம் இருக்கும் எம்பி3 பாடல்களை அதில் போடுங்கள். கேமின் ஆடியோ மெனுவில் யூசர் டிராக்குகளைத் தேடச் சொல்லுங்கள். காரில் ஏறி ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே போனால் உங்கள் ஸ்டேஷனும் வரும். அதில் 'ரேடியோ' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், பாட்டுக்கு நடுவே கேமின் விளம்பரங்களும் வரும். இளையராஜா முடிந்ததும் அமெரிக்கக் கேலி விளம்பரம் ஒன்று ஓடுவது தனி ருசி. பாட்டுக் கோப்பின் பெயரும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

கிராஷ் ஆனால்

எதைக் கடைசியாகப் போட்டீர்களோ அதை எடுங்கள். பத்தில் எட்டு அங்கேயே முடியும். முடியாவிட்டால் மோட்லோடர் ஃபோல்டரில் இருக்கும் லாக் கோப்பை நோட்பேடில் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். எந்தக் கோப்பைத் தொடும்போது விழுந்தது என்பதற்குத் துப்பு இருக்கும். அதுவும் புரியவில்லை என்றால், மோட் ஃபோல்டர்களில் பாதியை வெளியே எடுத்துவைத்து ஓட்டுங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி வெளியே இருக்கும் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். முப்பது மோட் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஆள் அகப்பட்டுவிடும்.

சேவ் கோப்புகள் எட்டு, ஒவ்வொன்றும் 198 கேபிதான். விண்டோஸ் 11 டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைச் சத்தமில்லாமல் ஒன்டிரைவுக்கு மாற்றியிருக்கக்கூடும், அதனால் முதலில் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்துவையுங்கள். எல்லாம் சரியாக ஓடும் அன்றைக்கு முழு கேம் ஃபோல்டரையும் சேவ்களையும் சேர்த்து ஒரு ஜிப் போட்டு, வேறு டிரைவில் வையுங்கள். 1.0 பதிப்பு ரெஜிஸ்ட்ரியை நம்பி இருப்பதில்லை. அடுத்த கணினி வாங்கும்போது அந்த ஜிப்பைப் பிரித்து, சேவ்களை டாக்குமென்ட்ஸில் போட்டு, இரண்டு ரன்டைமையும் நிறுவினால் போதும்.